நான் கலைத்த கிளிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்புவரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், கோவில் அர்ச்சனைத் துண்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் இல்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றில் போய் நிற்பேன். மறதியும் வந்துவிட்டது. முந்தாநாள் என் மூக்குக்கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே, தயிருக்குப் பக்கத்தில் இருந்து எடுத்தேன். ஜெர்மனித் தமிழ்ச் சஞ்சிகைக்கு நான் கொப்பியில் எழுதுவதை மகள் கணினியில் அடித்துத் தருகிறேன் என்றாள். எழுத்துப் பிழைகளை அவள் பார்த்துக்கொள்வாள். மற்றப் பிழைகளை நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன கிழமை மகளோடு இங்கே ஹம் நகரத்தில் மலிவுக் கடைக்குப் போனேன். குளிர் தொடங்குகிறதல்லவா, வாசலிலேயே குருவித் தீனியை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மூட்டை கிழிந்து கச்சான் நிலத்தில் சிந்திக் கிடந்தது. கச்சான் என்றால் வேர்க்கடலை. இந்தியாவில் இருந்து வந்து கணினி வேலை செய்கிற பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்று மகள் சொன்னபடியால் எழுதுகிறேன். வறுக்காத கச்சானுக்கு ஒரு பச்சை மணம் இருக்கிறது. அது மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் தள்ளுவண்டியோடு வந்த ஜெர்மன்காரர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

"என்னம்மா, தலை சுத்துதோ?" என்றாள் மகள்.

"இல்லைப் பிள்ளை. கச்சான்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? என் மூக்குக்கு அது கச்சான் மணமே இல்லை. அது புஷ்பமக்காவின் பல்கணி மணம்.

அப்போது நாங்கள் கொலோன் நகரத்தில் இருந்தோம். நாலாம் மாடி. எங்கள் பல்கணிக்கும் புஷ்பமக்காவின் பல்கணிக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தகடுதான். புஷ்பமக்கா யாழ்ப்பாணம் டவுன் பிள்ளை. பத்தாம் வகுப்புப் பாஸ். கணவர் இல்லை, மகன் கனடாவில். ஜெர்மன் பாஷையை யாருக்கும் பயப்படாமல் பிழை பிழையாக, சத்தமாகப் பேசுவார். பஸ்ஸில் முன்பின் தெரியாத மனுஷியிடம் அவளுடைய முழங்கால் வருத்தம்வரை விசாரிப்பார். நான் அப்படி இல்லை. பேக்கரியில் விரலால் காட்டித்தான் பாண் வாங்குவேன்.

இவர் சுகமாக இருக்கும்வரை எனக்குப் பேச வேண்டிய தேவையும் வரவில்லை. இவர் என்றால் என் கணவர். இத்தாலிக்காரன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், வாய் ஓயாத மனிதர். டொக்டரிடம் போனால் எனக்கு எங்கே நோகிறது என்று அவர்தான் சொல்லுவார். தொலைபேசி, டெர்மின் என்று நேரம் குறித்து வாங்குவது, பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் அவர். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய்தான் இருந்தது. ஒரு மாசி மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் நின்றுவிட்டது. வீட்டில் இருந்த அந்த ஒரு வாயும் போயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம் பெண் கிழமைக்கு இரண்டு தரம் வருவாள். வீடு, மரம், கோப்பை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். இவர் அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், வாயை இறுக்கி மூடிக்கொள்ளுவார். "எந்தப் பாஷையாய் இருந்தாலும் பரவாயில்லையாம், ஒரு சொல்லு வந்தால் மற்றதுகள் பின்னாலை வருமாம்" என்று புஷ்பமக்காதான் எனக்கு மொழிபெயர்த்தார். அந்த ஒரு சொல் என்னைப் பார்த்து வரவேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கோவிலில் கூட அதைத்தான் கேட்டேன்.

இனிக் கிளிக்கு வருகிறேன்.

கொலோனில் கிளிகள் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நம் ஊர்க் கிளியேதான். பச்சை உடம்பு, சிவப்புச் சொண்டு, ஆண்கிளிக்குக் கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாய் ஒரு வளையம். யாரோ கூண்டில் கொண்டுவந்து வளர்த்து, அவை தப்பிப் பறந்து பெருகியவையாம். பின்னேரம் ஆனால் பெரிய வீதி மரங்களில் நூற்றுக்கணக்காய் வந்து விழுந்து ஒரே சத்தம். எங்கள் கட்டடத்திலும் இருந்தன. குளிர் உள்ளே வராதென்று வெளிச்சுவரில் தெர்மோகோல் மாதிரி வெள்ளை ரெஜிபோம் ஒட்டி மேலே பூசியிருந்தார்கள் அல்லவா, அதைச் சொண்டால் தோண்டிப் பொந்து ஆக்கி, புஷ்பமக்காவின் பல்கணிக்குச் சற்று மேலே குடியிருந்தன. "இதுகளுக்கு ஆர் விசா குடுத்தது?" என்பது எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு தரமாவது சொல்லும் பகிடி. எனக்கு அது பகிடியாக இருந்ததே இல்லை.

நாங்கள் எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயில் ஏறி மேற்கே வந்தவர்கள். அகதி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்காய் ஒரு முகாம் அறையில் பதிலுக்குக் காத்திருந்தோம். அந்த வட்டாரத்தைத் தாண்டுவதானால் அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் என் ஒன்றுவிட்ட தமக்கைக்குப் பிள்ளை பிறந்தது, கடிதம் வரும்போது பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. சத்தம் போடக்கூடாது, கறி மணக்கக்கூடாது, படியில் நின்று பேசக்கூடாது. அப்படிப் பழகிய எனக்கு இந்தக் கிளிகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நினைத்த நேரம் ரைன் ஆற்றைத் தாண்டிப் போய் வந்தன. விடிய ஐந்து மணிக்குக் கட்டடமே அதிரக் கத்தின. யாராவது யன்னலைத் திறந்து சத்தம் போட்டார்களா என்றால், இல்லை. படம் எடுத்தார்கள்.

இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. என் படிப்பை நிறுத்தியதே கிளிதான். அப்பாவுக்கு வன்னியில் மிளகாய்த் தோட்டம், அதோடு ஒட்டிக் கொஞ்சம் குரக்கன், இந்தியாவில் கேழ்வரகு என்பார்கள். கிளி கூட்டமாய் இறங்கினால் ஒரு காலையில் பாதித் தோட்டம் போய்விடும். அண்ணன்மார் படிக்க வேண்டும், ஆகவே ஐந்தாம் வகுப்போடு என்னைக் காவல் பரணில் ஏற்றிவிட்டார்கள். கையில் ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியும் தடியும். விடிந்ததிலிருந்து பேணியைத் தட்டி "ஹூஊய்" என்று கத்த வேண்டும். என் வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வேலிக்கு அப்பால் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டே தட்டுவேன். கோபத்தில் இன்னும் பலமாகத் தட்டுவேன். நல்ல வேலைக்காரி என்று அப்பா மெச்சிப் புளுகுவார். நான் வாழ்க்கையில் சத்தமாகக் கத்தியது அந்தப் பரணில் மட்டும்தான்.

அந்தக் கோடையில் பல்கணிச் சுளகில் மிளகாய் காய வைத்திருந்தேன். கறித்தூள் வறுக்கத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. இவரைக் கண்ணாடிக் கதவோரம் கதிரையில் இருத்திவிட்டுக் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீச்சென்று ஒரு சத்தம். திரும்பினால் சுளகில் இரண்டு கிளிகள். ஒன்று ஒரு மிளகாயைக் காலால் பிடித்து, நாங்கள் வாழைப்பழம் சாப்பிடுகிற மாதிரித் தின்றுகொண்டிருந்தது.

நான் யோசிக்கவில்லை. கை யோசித்தது. ஒரு கையில் கஞ்சிப் பானை மூடி, மறுகையில் அகப்பை, ஓடிப்போய் "ஹூஊய்! ஹூஊய்!" என்று போட்டேன் ஒரு போடு. ஜெர்மனியில், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு! கீழே நாய்கள் குரைத்தன. எதிர்க் கட்டடத்தில் மூன்று யன்னல்கள் திறந்தன. தகட்டுக்கு மேலால் புஷ்பமக்காவின் தலை எழும்பியது.

"என்ன தங்கச்சி, பூசை தொடங்கிட்டுதே?"

"கிளி அக்கா. மிளகாயைத் திண்டுது. கலைச்சன்."

"கிளியை ஆரும் கலைப்பினமே? விசரி! அம்மன் கையிலை வைச்சிருக்கிற சாமான். இஞ்ச பார், அண்ணையின்ரை முகத்தை."

பார்த்தேன். இவர் இடது கையைத் தூக்கியபடி இருந்தார். கிளிகள் இருந்த இடத்தை நோக்கி அது அப்படியே நின்றது. மெல்ல இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. கஞ்சியையும் குடிக்கவில்லை.

மறுநாள் புஷ்பமக்கா தன் பல்கணியில் ஒரு தட்டில் கச்சானும் நாலு செத்தல் மிளகாயும் வைத்தார். வந்தன. முதலில் இரண்டு, பிறகு நாலு, பிறகு ஏழோ எட்டோ. "வாங்கோ ராசாத்தியள், சாப்பிடுங்கோ" என்று கல்யாண வீட்டில் விருந்தாளிகளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுவார். இவர் கதிரையைத் தகட்டுப் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுவார். திருப்பி விடுவேன். காலையும் மாலையும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். கிளிகள் சண்டை போட்டால் சிரிப்பார், முகத்தின் இடது பாதி மட்டும். பாரிசவாதம் வந்தபின் அந்தப் பாதிச் சிரிப்பைக் காண்பதற்கு நான் என்னவெல்லாம் செய்து பார்த்திருந்தேன்! மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாய்ப் போட்டுக்கொண்டு ஆடிக்கூடக் காட்டினேன்.

நானும் கச்சான் வைத்தேன். அதே கடை, அதே கச்சான். வரவில்லை. என் வீட்டுச் சட்டை சிவப்பு, அதற்குத்தான் பயமோ என்று மகள் விட்டுப்போன பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் சிரிக்கலாம், புஷ்பமக்காவும் சிரித்தார். ஒரு நாள் ஒன்று வந்து என் கம்பியில் உட்கார்ந்தது. மூச்சையும் விடாமல் நின்றேன். அது தலையைச் சரித்துக் குசினிச் சுவரில் தொங்கிய அகப்பையைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. கிளிக்கு அவ்வளவு ஞாபகம். எனக்கு அதில் பாதி இருந்தால் போதும்.

புஷ்பமக்கா விடமாட்டார். தினமும் தகட்டுக்கு மேலால், "அண்ணை, இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்பார். ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், நான் குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி! ஓடி வா! அண்ணை கதைச்சிட்டார்! கிளி எண்டு சொன்னவர்!"

மா ஒட்டிய கையோடு ஓடினேன். "என்னப்பா, இன்னொருக்காச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன். இவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஆறு மாதம் காத்திருந்த சொல் அது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் மா குழைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டது. அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண் விஷயத்தைக் கேட்டதும் புஷ்பமக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இரண்டு நாள் கழித்து வந்தது. எங்கள் பக்கத்தில் கணவன்மார் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "இஞ்சேர்" என்பார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இவருக்கு நான் இஞ்சேர்தான். அன்று குளியலறையில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தேன். "இஞ்சேர்" என்று கேட்டது. இவருடைய குரல், கொஞ்சம் உடைந்து, ஆனால் அவருடைய குரல். ஈரக் கையோடு, வழுக்கி விழப் பார்த்து, "என்னப்பா, இஞ்ச நிக்கிறன்" என்று ஓடிவந்தேன். அவர் திரும்பவில்லை. தகட்டுக்கு அப்பால் கம்பியில் இருந்த கிளியைப் பார்த்து மறுபடியும் சொன்னார், "இஞ்சேர்."

இனி எழுதப்போவது இதை அடிக்கிற என் மகளுக்கும் புதிது. பிள்ளை, அடித்து முடித்துவிட்டுக் கோபி.

மறுநாள் காலை குப்பை கொண்டு கீழே போனேன். கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் கூட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். எப்போது கண்டாலும் "அலெஸ் கூட்?" என்று கேட்பார், எல்லாம் நலமா என்று. வருடக்கணக்காய் யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் "அலெஸ் கூட்" மட்டும்தான். முகாமில் கூரை ஒழுகியபோதும் அதுதான், இவர் விழுந்த கிழமையும் அதுதான். அன்று கேட்டபோது நான் "நிஷ்ட் கூட்" என்றேன். நல்லாயில்லை. ஜெர்மனியில் நான் செய்த ஒரே முறைப்பாடு. அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு அக்கறையாய்க் கிட்ட வந்தார். "பாபகாய்" என்றேன். "ஷ்முட்ஸ்" என்றேன். கிளி, ஊத்தை. பிறகு விரலை நீட்டி நாலாம் மாடியைக் காட்டினேன், புஷ்பமக்காவின் பல்கணியை.

தீனி போடக்கூடாது என்று ஒரு கடிதம் வரும், புஷ்பமக்கா தட்டை எடுத்துவிடுவார், கிளிகள் அந்தப் பக்கம் வராது, இவர் கதிரையை என் பக்கம் திருப்பச் சொல்லுவார். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. ஹவுஸ்மைஸ்டர் நான் காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார். பல்கணிக்கு மேலே பொந்தைக் கண்டார். பையில் இருந்து தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். "டாங்கே" என்று எனக்கு நன்றி சொன்னார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. புஷ்பமக்கா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். வார விடுமுறைக்கு வந்திருந்த மகள் வாசித்துச் சொன்னாள். தீனி போடக்கூடாது. சுவர் பழுதாகிறது. குஞ்சுகள் பறந்த பிறகு பொந்துகள் அடைக்கப்படும்.

"ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம், தங்கச்சி" என்றார் புஷ்பமக்கா. "அந்த மூண்டாம் மாடி வெள்ளைக்காரியாத்தான் இருக்கும். என்னைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போறவ."

"ஓம் அக்கா. அவவாத்தான் இருக்கும்" என்றேன்.

அந்த மூன்றாம் மாடி அம்மாவோடு புஷ்பமக்கா அதன்பிறகு பேசவில்லை. அந்த அம்மாவும் தன் யன்னலில் கிளிகளுக்கு அப்பிள் துண்டு வைத்து வந்தவர் என்பது பொந்தை அடைக்கச் சாரம் கட்டிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கீழே ரோட்டில் ஒரு அப்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

புரட்டாசி கழிந்து சாரம் கட்டினார்கள். இரண்டு நாள் வேலை. பொந்துகளை அடைத்து, தகடு வைத்து, மேலே பூசி மஞ்சள் நிறம் அடித்தார்கள். கிளிகள் மூன்று நாலு நாள் வந்து சுவரைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. புதுப் பூச்சில் கால் வைத்துப் பார்த்து வழுக்கின. பிறகு ஒரு காலை சத்தமே இல்லை.

நான் நினைத்தது நடந்தது. இவர் கதிரையைத் திருப்பக் கையைக் காட்டினார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்து, "கிளி?" என்றார்.

நோய்க்குப் பிறகு என்னைப் பார்த்து இவர் சொன்ன முதல் சொல் அது. கேள்வியாய்க் கேட்டார். "வரும் அப்பா" என்றேன். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். சுளகு நிறைய மிளகாய் வைத்தேன், அகப்பையை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். பனி வந்து மிளகாய் நனைந்து அழுகியது. மார்கழிக்குப் பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். வேறு சொற்கள் பின்னால் வரவில்லை. அடுத்த பங்குனியில் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் புஷ்பமக்கா, "கிளியள் நிண்டிருந்தால் அண்ணை இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பார்" என்று சொல்லி அழுதார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வருடமே மகன் அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். நான் மகளிடம் ஹம்முக்கு வந்துவிட்டேன். இரண்டு பல்கணியிலும் இப்போது யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். கொலோனில் கிளிகளுக்கு ஒன்றும் குறைவில்லை. மற்ற வீதிகளில் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் சுவரில்தான் இல்லை. ஹம்மில் எங்கள் வீதியில் காகமும் மணிப்புறாவும் மட்டும். காலையில் அவ்வளவு அமைதி. அந்த அமைதியைத்தான் நான் முறைப்பாடு செய்து வாங்கினேன்.

புஷ்பமக்காவின் விலாசம் என்னிடம் இல்லை. கனடாவில் யாராவது அவரைக் கண்டால் இதை வாசித்துக் காட்டி, பிழைகளைத் திருத்தி அனுப்பும்படி கேளுங்கள். வந்த கிளிகள் ஏழா எட்டா என்று எனக்குத் தெரியாது, அவர் எண்ணியிருப்பார். இவர் முதற்சொல் சொன்னது ஆவணியா ஆடியா என்பதும் அவருக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லை எப்படிச் சொன்னார், சிரித்துக்கொண்டா, கையை நீட்டிக்கொண்டா என்றும் கேட்டு எழுதுங்கள். அதை நான் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் யாராவது சொல்லுங்கள். விரலை நீட்டியது யார் என்பதை மட்டும் ஒருவரும் சரிபார்க்க வேண்டாம். அது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.